ஐந்து சுற்று

வின்ச்சிலிருந்து இழுக்க இழுக்க
முதல் பதினோரு மீட்டர் நல்ல பிள்ளை.
பன்னிரண்டில் கையுறையைக் கவ்வியது.
மீன்முள் மாதிரி ஏழு இழை அறுந்து நிற்க
ஒரு சாண் தள்ளி
நசுங்கி, முறுக்கு அவிழ்ந்து,
இனி எந்தச் சுத்தியலாலும் நிமிராத ஒரு கோணல்.

"கல்லில் வைத்து இழுத்தீர்களா?"
என் அரபியில் பாதி கைதான் பேசும்.

"ஜெர்மன்காரன் ஒருத்தன்.
மூன்று மணல்மேட்டுக்கு அப்பால் புதைந்து கிடந்தான்.
கொக்கியைக் கேபிளின் மேலேயே மாட்டிவிட்டான்,
நான் பார்ப்பதற்குள் பட்டனையும் அமுக்கிவிட்டான்."
"காசு கொடுத்தானா?"
"நாற்பது ரியால். புதுக் கேபிள் எவ்வளவு?"
"முப்பத்தெட்டு."
ஸலாமா பின்த் முஸல்லம் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.
முகமூடிக்குள் கண் மட்டும் சுருங்கியது.

அலமாரியில் நீலக் கயிறு இருந்தது,
துபாயிலிருந்து வந்த சரக்கு.
பூப்போல கனம், துரு பிடிக்காது,
அறுந்தாலும் ஆளைக் கொல்லாது என்று
முதலாளி மனப்பாடம் செய்யச் சொன்னதை
ஒப்பித்தேன்.
அவள் நகத்தால் பின்னலைப் பிரித்துப் பார்த்தாள்.
"இதற்குள் மணல் போகும்.
போய் உள்ளேயிருந்து அரைக்கும்.
வெளியே நீலமாகவே இருக்கும்."
பிறகு என் கையுறையில் தொங்கிய இழையைக் காட்டி,
"இது சாகும் முன்னே கடிக்கிறதே,
எனக்கு அது போதும்."

பிதியாவில் எட்டு வருஷமாக இந்த வேலை.
பதில் தோன்றவில்லை.
இரும்பையே எடுத்தேன்.

கேபிளின் கடைசி நுனியை டிரம்மோடு பிடித்திருப்பது
சுண்டுவிரல் நகமளவு ஒரு போல்ட்.
முதல்முறை கழற்றியபோது குலை நடுங்கியது எனக்கு:
மூன்று டன் வண்டியை இதுவா தாங்குகிறது?
இல்லை. அது எதையும் தாங்குவதில்லை.
அதற்கு மேல் விழும் ஐந்து சுற்றுதான்
டிரம்மைக் கட்டிக்கொண்டு
வெறும் உராய்விலேயே பிடித்து நிற்கின்றன.
அந்த ஐந்தையும் ஒருநாளும் வெளியே விடக்கூடாது.
சிவப்புப் பெயின்ட் அடித்துக் காய வைத்தேன்.
சிவப்பைக் கண்டால் நிறுத்து.
அவளுக்கும் சொன்னேன், அவள் தெரியும் என்றாள்.

மீதியைச் சும்மா சுருட்ட முடியாது.
தளர்வாய்ச் சுற்றினால் முதல் பாரத்திலேயே
மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து நெரிபடும்.
பட்டறைக்கு எதிரே ஒரு மரம்.
காஃப் என்கிறார்கள், நம்ம வன்னிதான்.
பட்டை உரியாதபடி அதற்கு ஓர் அகல வார்,
வாரில் கொக்கி,
கேபிளின் நடுவில் என் போர்வை,
அறுந்தால் வீச்சைத் தரையில் அமுக்க.
அவள் நியூட்ரலில் போட்டு
பிரேக்கை அரை மனசோடு மிதித்தாள்.
நான் ஓரமாய் நின்று ரிமோட்டைத் தொட்டேன்.
லேண்ட் குரூசர் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு
மரத்தை நோக்கி ஊர்ந்தது.
சுற்றுக்குப் பக்கத்தில் சுற்று,
அடுக்கு மாறாமல்.

கடைசி இரண்டு மீட்டரில் கையை எடுத்துவிட வேண்டும்.
கொக்கியை வாரில் கோத்துத்தான் பிடிக்க வேண்டும்.
பக்கத்துப் பட்டறை இஃப்திகாருக்கு ஆள்காட்டி விரல் இல்லை.
நான் காரணம் கேட்டதில்லை.

நாற்பது கொடுத்தாள்.
மிச்சம் இரண்டு ரியாலுக்குக் கை நீட்டியபடியே நின்றாள்.
பழைய கேபிளையும் கேட்டாள், ஆட்டுப்பட்டி வேலிக்கு.
கெட்ட இடத்தை கிரைண்டரில் வெட்டிப் போட்டுவிட்டு
இரண்டு துண்டாய்ச் சுருட்டிப் பின்னால் ஏற்றினேன்.

ராத்திரி சோறு பிசையும்போது
உள்ளங்கையில் சுரீர் என்றது.
கையுறையைத் தாண்டி எப்போது ஏறியதோ
ஓர் இழை.
பல்லால் பிடுங்கித் துப்பினேன்.

மறுநாள் மஸ்கட்டிலிருந்து ஒருவர்,
புது வண்டி, புது வின்ச்.
நீலக் கயிற்றைக் காட்டி விலை கேட்டார்.
மனப்பாடம் நாக்கில் ஏறவில்லை.
"உள்ளே மணல் போகும்" என்றேன்.
வாங்கிப் போனார்.
வண்டியின் நிறத்துக்கு எடுப்பாக இருக்கிறதாம்.