இடது கையுறை

மூன்றாவது கொலையை நான்தான் செய்தேன்.

டூரின், எழுபத்து மூன்று, பிப்ரவரி.
போ ஆற்றிலிருந்து ஏறிவரும் மூடுபனிக்கு
வாடகை தர வேண்டியதில்லை என்று
தயாரிப்பாளர் பூரித்துக்கொண்டிருந்த வாரம்.
கொலைகாரனாக நடித்த கஸ்பரேக்குக் கடைவாய்ப்பல் வலி.
கன்னம் வீங்கி, ஓட்டல் அறையில்
ஐஸ் மூட்டையோடு படுத்துவிட்டான்.
"முகமா தெரியப்போகிறது, கைதானே"
என்றார் இயக்குநர் ஃபுர்லான்.
விளக்குக்காரர்களின் கைகளையெல்லாம் பார்த்தார்.
எல்லாம் உலக்கை.
கறுப்புத் தோல் கையுறை
எனக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியது.

என் வேலை வேறு.
மடியில் நோட்டு, கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
விஸ்கிப் புட்டியில் எத்தனை விரல் மீதி,
சிகரெட் எதுவரை எரிந்தது,
செத்தவளின் காதில் தோடு ஒன்றா இரண்டா,
கமிஸாரியோ ரெல்லாவின் கோட்டில்
மேல் பொத்தான் திறந்திருந்ததா.
ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே
உலகம் தன்னை மறந்துவிடாமல்
பார்த்துக்கொள்கிறவள்.

படிக்கட்டில் நிவேஸ் காத்திருந்தாள்
மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
"பார்த்துக் குத்து எர்சீலியா,
இந்தச் சட்டையை நாளைக்குத் திருப்பித் தரணும்."
லிஃப்ட்டின் இரும்புக்கூண்டு மேலேறியது.
அவள் அலறினாள். நான் ஓடினேன்.
சிவப்புச் சாயம் கம்பளத்தில் சொட்டியது.
ஒரே டேக்.
யாரோ கைகூடத் தட்டினார்கள்.

இரவு நோட்டை எழுத உட்கார்ந்தபோதுதான்
பேனா நின்றது.

கன்னிமாடப் பள்ளியில் இரண்டு குளிர்காலம்
என் இடது கையை ரிப்பனால் பெஞ்சோடு கட்டிவைத்தார்கள்.
பீச்சாங்கை சாத்தானுடையதாம்.
எழுத, சிலுவைக்குறி போட, சூப் குடிக்க
சோத்துக்கை பழகிவிட்டது.
குத்துவதற்கு யாரும் பழக்கவில்லை.

"கத்தி: இடது கை. பிழை" என்று எழுதி
காலையில் நீட்டினேன்.
ஃபுர்லான் படித்தார். கிழிக்கவில்லை.
"அந்தக் கட்டடம் இனி கிடைக்காது. எவன் பார்ப்பான்?"
அதற்குள் தெருமுனையில் சைரன்.
எங்களுடையது இல்லை.
வங்கியில் நிஜக் கொள்ளை.
பனியில் நிஜப் போலீசும் துணைநடிகர் போலீசும்
கலந்துபோனார்கள்.
மீசை அரும்பாத ஒரு நிஜக் காவலன்
எங்கள் கமிஸாரியோ முன் விறைத்து நின்று
"உத்தரவு?" என்றான்.
அவர் பாத்திரத்தை விட்டு இறங்கவில்லை.
"இடப்பக்கம் போ" என்றார்.
போனான்.
கொள்ளையர் வலப்பக்கம் போயிருந்தார்கள்.

படத்தின் கடைசிச் சுருளில்
பழம்பொருள் வியாபாரியைக்
கையும் களவுமாகப் பிடிக்கிறார் ரெல்லா.
நாலு கொலையையும் ஒப்புக்கொள்கிறான் கஸ்பரே,
பல் சொஸ்தமாகி, நல்ல உச்சரிப்பில்.
மேசை விளக்கின் கீழ் அவன் கையெழுத்திடும் குளோசப்.
வலது கை. தடுமாற்றமே இல்லை.
கோப்பு மூடுகிறது. டிராம் ஒன்று திரும்புகிறது.
இசை.

நாற்பது வருடம் அந்த ஆள்
நான் செய்ததற்கும் சேர்த்து
சிறையில் இருக்கிறான்.
சனிக்கிழமை பின்னிரவுகளில் டிவியில் போடுவார்கள்.
ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில்
காப்பி போட எழுந்துவிடுவேன்.

போன மாதம் இங்கே ஒரு சின்ன அரங்கில்
பழைய பிரதியைத் துடைத்து ஓட்டினார்கள்.
ஃபுர்லான் போய்ச் சேர்ந்துவிட்டார்.
நிவேஸ் எங்கோ அர்ஜென்டினாவில்.
மேடையில் மிஞ்சியது நான்தான்.
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.
கையில் பதினொரு பக்கம், பின் அடித்தது.
"மூன்றாவது கொலை மட்டும் இடது கை, சிஞோரா.
அப்படியென்றால் இன்னொரு கொலைகாரர் இருக்கிறார்.
ரெல்லாவுக்குத் தெரியும், மறைக்கிறார்.
சரியா?"

அரங்கம் என் பக்கம் திரும்பியது.
நாற்பது வருடத்தில் முதல் விசாரணை.
எவனோ ஒருவன் பார்த்திருக்கிறான்.
தொண்டை வறண்டது.
தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

அவன் பார்வை
டம்ளரில் இல்லை.