வழக்கு

ஐடஹோவில் ஜூன் பிறந்தும்
வடக்குச் சரிவில் பனி கிடக்கிறது,
யாரோ பிழியாமல் போட்டுவிட்டுப் போன துணிபோல்.

இடோயா முன்னால் போகிறாள்.
தபால் வண்டி ஓட்டுகிறவள்; ஞாயிறு மட்டும்
அவளுக்கு விலாசமில்லாத நாள்.
முதுகில் கட்டிய சங்கிலி ரம்பம்
குலுங்கிக் குலுங்கி
அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது.

என் பைக்குக்குப் பதினாறு வயது.
பாதி தார்ச்சாலைக்கு, பாதி சேற்றுக்கு என்று செய்தது.
இரண்டிலும் முழுசாய்ப் பொருந்தாது, என்னைப் போல.
சட்டத்துக்காக ஓர் எண் பலகை,
விழுந்து விழுந்து
காதுமடலாய் மடிந்துவிட்டது.

என்றோ எரிந்த பைன்கள்
இன்னும் நின்றபடியே செத்துக்கொண்டிருக்கின்றன.
குளிர்காலந்தோறும் சில பத்து
பாதைக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும்.
அறுக்க ஆளில்லாவிட்டால் இரண்டே வருடம்,
எந்த அதிகாரியும் கையெழுத்திடாமல்
பாதை தானாய் மூடிக்கொள்ளும்.

அன்று நாற்பத்தொன்று அறுத்தோம்.
ஸ்ட்ரோ எண்ணினான்,
பெட்ரோல் டாங்கில் சாக்பீஸ் கோடு இழுத்தபடி.
நாற்பத்திரண்டாவது கிடந்த இடத்தில்தான்
அந்த ஈரப் புல்வெளி.

புல்லைக் கிழித்து ஒரு கோடு.
நீளமாய், கறுப்பாய், தண்ணீர் தேங்கி,
அதில் கொசுப்புழு நெளிய.
"எவன் வேலை இது?" என்றான் ஸ்ட்ரோ.
நான் குனிந்து
பூட்ஸ் நாடாவைக் கட்டினேன்.
என் பூட்ஸில் நாடா கிடையாது,
கொக்கிகள்தான்.
மரத்தை அறுக்காமலே திரும்பினோம்.

செவ்வாய்க்கிழமை விசாரணை.
தீயணைப்பு நிலையக் கூடம்,
மடக்கு நாற்காலிகள், ஆறிப்போன காப்பி.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மேசைமேல் சின்ன விளக்கு:
பச்சை, மஞ்சள், சிவப்பு.

மூடச் சொல்கிறவர்கள் பக்கம்
மார்கிட் ஹால்வர்சன் எழுந்தாள்.
கத்தவில்லை. ஒரு படம் காட்டினாள்.
அதே கோடு.
எல்க் மான்கள் குட்டி ஈனும் இடம் என்றாள்,
இது ஆறுவதற்கு என் ஆயுள் போதாது என்றாள்.
மிச்ச ஒன்றரை நிமிடத்தை
அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

எங்கள் பக்கத்துக்கு நேரம் போதவில்லை.
உரிமை என்றார்கள், வரி என்றார்கள்.
ஆட்டுமந்தை ஓட்டிவந்த பாஸ்க் இடையர்கள்
மிதித்துப் போட்ட தடம் என்றாள் இடோயா;
ஆஸ்பென் பட்டையில் கத்தியால் கீறிய
தன் குடும்பப் பெயரை
எழுத்தெழுத்தாய்ச் சொன்னாள்.
வழக்கில் இருந்தால்தான் பாதை.
அதே சொல்லுக்குள்
நீதிமன்றமும் உட்கார்ந்திருக்கிறது.

என் முறை.
எழுதிக் கொண்டுவந்த தாளில்
நல்ல வாக்கியங்கள் இருந்தன:
நாற்பத்தொரு மரம், புகைக்குழாயில் தீப்பொறி வலை,
சத்தம் இத்தனைக்குள்.
தாளை மடித்தேன்.

அக்டோபர். இருட்டு.
பாதையில் பனி இடுப்பளவு.
விரல் மரத்துக் கிளட்ச் பிடிபடவில்லை.
சுற்றிப் போனால் நாற்பது நிமிடம்,
குறுக்கே நாலு.
கோடு என்னுடையது என்றேன்.

பச்சை எரிந்துகொண்டே இருந்தது.
அவ்வளவு நீளமான பச்சையை
எந்த நாற்சந்தியிலும் பார்த்ததில்லை.
பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
ஸ்ட்ரோ வெளியே போனான்;
இன்னும் என்னிடம் பேசவில்லை.

மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை.
பனி உருகி மண் காயும்வரை மூடுங்கள் என்றேன்.
புல்வெளி ஓரம் கல் அடுக்கித் தருகிறேன் என்றேன்.
என்னை நிறுத்துங்கள், அவளை வேண்டாம் என்று
இடோயாவைக் காட்டினேன்.
அவள் கூரையைப் பார்த்தாள்.
மஞ்சள்.
சிவப்பு.

தீர்ப்பு செப்டம்பரில்.

நேற்றுத் தனியாகப் போனேன்.
ஸ்டாண்டு மண்ணில் புதையாதிருக்க
அடியில் ஒரு தட்டைக் கல் வைத்து
பைக்கை நிறுத்தினேன்.
நாற்பத்திரண்டாவதை அறுத்தேன்,
உருட்டித் தள்ளினேன்,
யார் போவதற்கென்று தெரியாமலே.
பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன்,
காதிலிருந்து ரம்பம் இறங்கும்வரை.

வெகுநேரம் கழித்து ஒரு தாய் எல்க்,
பின்னால் குட்டி.
என் கோட்டில் தேங்கிய தண்ணீரில் வாய் வைத்தது.
மன்னிப்பென்று எடுத்துக்கொள்ள ஆசைதான்.
தாகம், அவ்வளவுதான்.

எஞ்சினைக் கிளப்பாமல்
முதல் வளைவுவரை
பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.