திரும்ப எடுக்கவும்

அவொபயாமா மலைக்கு அடியில்
கடைசி மெட்ரோ போய்ச் சேரும்வரை
காத்திருப்பாள் குரெஹா ஷிந்தோ.
மலை உணராத அதிர்வை
நுண்ணோக்கி உணர்ந்துவிடும்.

அலுமினியம், நிக்கல், கோபால்ட்.
உருக்கி, மூன்று நாள் உலையில் கிடத்தி,
சிவப்பு ஆறுமுன் தண்ணீரில் போட்டு,
அகேட் உரலில் நொறுக்கி...
கடுகளவுகூட வேண்டாம்,
எலக்ட்ரான் ஊடுருவிப் போக
ஒரு துணுக்கின் விளிம்பு போதும்.

திரையில் வளையங்கள்.
வளையத்துக்குப் பத்துப் புள்ளி.
புள்ளி என்பது தூண்,
உச்சியிலிருந்து பார்க்கிறோம்.
தூணுக்குள் அணுக்கள் அணிவகுப்பு மாறாமல் நிற்க,
தூண்களின் இடைவெளி மட்டும்
நெடில் குறில் நெடில் நெடில் குறில்
நெடில் குறில் நெடில்
இதோ பிடிபட்டது என்று வாய் திறந்தால்
சந்தம் தப்பாமலே அடி மாறிவிடுகிறது.

இரண்டே காலுக்குச் சின்ன நிலநடுக்கம்.
செந்தாயில் இதற்கெல்லாம் யாரும்
புரண்டுகூடப் படுப்பதில்லை.
நாற்பத்தோராவது படத்தில்
ஒரு புள்ளி தன் இடத்தில் இல்லை.
சற்றே தள்ளி நிற்கிறது,
குறிலும் நெடிலும் இடம் மாற்றிக்கொண்டு.
"ஆட்டம். நீக்குக" என்று தட்டினாள்.

ஆடியிருந்தால் எல்லாம் அல்லவா ஆடியிருக்கும்?

போன வாரம் அலமாரியைக் காலி செய்தபோது
ஒரு பிலிம் கிடைத்தது, ஷோவா ஐம்பத்துநான்கு.
விளக்கில் பிடித்தால் நடுவே ஒரு பொட்டு, சுற்றிலும் பத்து.
ஓரத்தில் பென்சில், தூக்கக் கலக்கத்துக் கையெழுத்து:
"மாதிரியில் கோளாறு. திரும்ப எடுக்கவும்."
அவள் சிரித்தாள்.
பேராசிரியர் நிதாதோரி சிரிக்கவில்லை,
அவருக்குத் தெரிந்த எழுத்துப் போலும்.
கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டாவது படம்.
புள்ளி பழைய இடத்திலேயே,
எங்கும் போய்வராத முகத்தோடு.
தானாகப் போனதா,
மூன்று லட்சம் வோல்ட்டில் நான்தான் தள்ளினேனா?
பார்க்காமல் இருந்தால் தெரியாது.
பார்த்ததாலும் தெரியவில்லை.

"நீக்குக" என்பதை அழித்தாள்.
"ஆட்டம்" என்பதையும் அழித்தாள்.
அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?
திரவ நைட்ரஜன் ஊற்றிவிட்டு வந்தாள்,
ஆறிய ஒனிகிரியைப் பிரித்தாள்,
கடற்பாசி நமுத்திருந்தது.

ஐந்தரைக்கு மேல் முதல் ரயில்.
அதற்குள் நாற்பத்துமூன்று.