பட்டா

அலுவலகம் வைத்த பெயர் அது.
ஜீப்புக்கு அடியில் மழையில் சுருண்டு கிடந்ததை
நான் துண்டில் பொதிந்து தூக்கியபோது
வரைவாளர் ஸ்டீபன்ராஜ்
மேலூர் தாலுகா முழுக்கக் கேட்கச் சொன்னார்:
"சர்வேயர் மேடத்துக்குத்தான்
அலையாம ஒரு பட்டா கிடைச்சிருக்கு."

ஆறு கிலோ.
ஒரு காது நிமிரும், ஒன்று மடங்கும்.
ஆறு கிலோதான் என்று
இதுவரை யாரும் அதனிடம் சொல்லவில்லை.

காலை ஐந்தரைக்குப் புதூரில்
என் புலத்தணிக்கைக்கு முன்பே அதனுடையது தொடங்கிவிடும்.
மின்கம்பம். பால் பூத்தின் நீல டிரே.
காதணி விழா பிளக்ஸின் சவுக்குக்கால்,
பதினெட்டு மாமன்மாரும் கும்பிட்டபடி
பார்த்துக்கொண்டிருக்க.
நிற்கும் கார் என்றால் நாலு சக்கரமும்.
ஸ்டெப்னி எட்டாது.
கடைசியில் சரக்கு தீர்ந்து
வெறும் காலை மட்டும் தூக்கிக் காட்டும்,
மை காய்ந்த ரப்பர் ஸ்டாம்பை
விடாமல் குத்தும் எங்கள் ஹெட்கிளார்க் மாதிரி.

ஒரு சுவர் உண்டு.
ஆண்கள் ஒதுங்காமலிருக்க
மூன்று மதத்தையும் டைல்ஸில் பதித்தது.
அந்தப் பத்தடிக்கு மட்டும்
பட்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவேன்.

ஜப்பார் பாயின் இடியாப்ப சைக்கிளில்
கால் தூக்கிய அன்று
அவர் கோபப்படவில்லை.
ஹாரன் அமுக்குவதை நிறுத்தி
"மேடம், இதுதாங்க என் கடை" என்றார்.
அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் செங்கமலம் சிரித்தார்.
"அது மூத்திரமில்ல, கையெழுத்து.
கிளம்புற எடத்துல ஒண்ணு, திரும்புற எடத்துல ஒண்ணு,
நடுவுல கிடையாது.
கயித்தைக் குட்டையாப் பிடிங்க.
மோந்துக்கிட்டு நின்னா நீங்க நடந்துக்கிட்டே இருங்க.
தூக்கப்போகுதுன்னு தெரிஞ்சா உக்காரச் சொல்லுங்க.
உக்காந்த நாயி எப்படிங்க காலைத் தூக்கும்?"

கணக்கு சரிதான்.
ஆட்டு ஈரல் அவித்து, நகமளவு நறுக்கி
கைப்பையில் ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.
உக்காரு என்றேன்.
உக்காரு.
பட்டா, உக்காரு.
பதினோரு நாள்.
'அடுத்த வாரம் வாங்க' என்றதும்
ஜனங்கள் என்னைப் பார்ப்பார்களே,
அப்படிப் பார்த்தது.

பன்னிரண்டாம் நாள் டீக்கடையில்
மாஸ்டர் யாரோ லாரிக்காரரிடம்
"உக்காருங்கண்ணே" என்றார்.
பட்டா உட்கார்ந்தது.
பின்னங்கால் மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி,
தனக்கும் ஒரு டீ வரும் என்பதுபோல.

அதிலிருந்து நான் ரோட்டில்
உக்காருங்க உக்காருங்க என்றே போகிறேன்.
கம்பம் வந்தால் உக்காருங்க.
பிளக்ஸ் வந்தால் உக்காருங்க.
தொடை நடுங்கும். கண் கம்பத்தில்,
மூக்கு என் கையில்.
ஈரல்.
ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன்
"வண்டியில எடமில்லக்கா, எங்க உக்கார?" என்று
கேட்டுவிட்டுப் போனான்.

வாய்ப்பழக்கம் வாசலோடு நிற்குமா?
புதன்கிழமை,
நூற்றுப் பதினாலில் இரண்டு பி உட்பிரிவுக்கு
நாலாவது தடவையாக வந்து
மூலப்பத்திரத்தைக் கவரோடு அணைத்தபடி
கதவோரம் நின்ற வெள்ளலூர் சேவுகனிடம்
கோப்பிலிருந்து தலை தூக்காமலே
"உக்காருங்க" என்றேன்.
அவர் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்,
யாரைச் சொல்கிறேன் என்று.
அறையில் நாற்காலி இருக்கிறதா என்று நானும் பார்த்தேன்.
இருந்தது.
என் ஹெல்மெட் அதில் உட்கார்ந்திருந்தது.

இன்று காலை ஒரு கம்பமும் நனையவில்லை.
சைக்கிளை முகம் திருப்பாமல் தாண்டியதற்கு
பாய் பாதி இடியாப்பம் பிய்த்துப் போட்டார்.
திரும்புமிடம் வாய்க்கால் கரை.
அங்கே ஒன்று அதற்கு உரிமை.
புல்லை விட்டது. வேலிக்கருவையை விட்டது.
எந்தப் புண்ணியவான் நட்டதோ,
அம்புக்குறி வெட்டிய அரசாங்கக் கல்லைத் தேடிப் போய்
நிதானமாக.

அந்த நேரம் பார்த்து எனக்குச்
செருப்பு வார் அவிழ்ந்திருந்தது.