இடது கால்

வால்பரைசோவில் துறைமுகத்திலிருந்து குன்றேறும்
பழைய விஞ்சை நான்தான் இயக்குகிறேன்.
மேல் நிலையத்தில், இரும்புச் சக்கரத்துக்குப் பக்கத்தில்
என் நாற்காலி.
கீழிருந்து மணி வரும்வரை
ஒன்றரைப் பக்கம் படிக்கலாம்.
நல்ல நாவல் என்றால்
மணி இரண்டு முறை அடிக்க வேண்டியிருக்கும்.

மே மாதம் படித்தது அறுநூறு பக்கம்.
வெடியுப்புச் சுரங்கம், பெரிய குடும்பம்.
துக்கம் வந்தால் எல்லோரும்
சன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறார்கள்.
அந்த ஊரில் பதினாலு வருடமாக மழையே இல்லை என்று
முப்பதாம் பக்கத்தில் ஆசிரியரே சொல்லியிருக்கிறார்.
இதற்குப் பரிசு வேறு.

பிறகு ஒரு ஒல்லி நாவல்.
மீன்மாவு ஆலையின் இரவுக் காவலாளி,
ஒரு ரேடியோ, ஒரு பல்வலி.
அவ்வளவுதான் கதை.
மூன்று நாள் என் விரல்களில் மீன் நாறியது.
முடிவில் அவனைக் கடலில் தள்ளியிருக்க வேண்டாம்.
நிறுத்தத் தெரியாதவர்கள்
யாரையாவது கொன்றுவிடுகிறார்கள்.

தோன் இலாரியோன் நாவலைத் தொடமாட்டார்.
சுங்க இலாகாவில் இருந்தவர்,
பொய் போதும் போதும் என்று பார்த்தாயிற்றாம்.
தன்வரலாறுதான் வேண்டும் அவருக்கு.
போன மாதம் ஓர் அறுவை மருத்துவரின் நினைவுகளை
என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.
ஆயிரத்து நானூறு வயிறுகள்.
மனைவி வருவது இருநூற்றுப் பன்னிரண்டில்,
காபியோடு.
காபி எப்படி இருந்தது என்றுகூட
ஒரு வார்த்தை இல்லை.

இப்போது குன்று முழுக்க ஒரே புத்தகம்.
எங்கள் படிக்கட்டுத் தெருவில் பிறந்து
பத்தொன்பதில் ஸ்டாக்ஹோம் போன
மிரெயா உபில்லா எழுதியது.
நூலகத்தில் நெல்தா வைத்திருந்த பட்டியலில்
எனக்கு இருபத்தாறாம் இடம்.
தவம் கிடந்து வாங்கினேன்.

நாற்பத்தேழாம் பக்கம்:
“வலது காலை இழுத்து நடக்கும் விஞ்ச்காரர்.
அவர் மேல் எப்போதும் சாராய நெடி.”

அரை வரியில் என் அப்பா.

மணி அடித்தது.
மறுபடி அடித்தது.
கீழே யாரோ என் பெயர் சொல்லிக் கத்தினார்கள்.

அது சாராயம் இல்லை, அம்மணி.
கம்பியின் கிரீஸைக் கழுவும் ஸ்பிரிட்.
முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார்,
ரொட்டியைத் தொடும் முன்பு.
மூடி வைத்துவிட்டேன்.
நாவலில் என்றால் திட்டிவிட்டு மேலே போயிருப்பேன்.
இது நடந்தது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது.

இரண்டு நாள் கழித்துத்தான் பக்கத்தைத் திருப்பினேன்.
நாற்பத்தெட்டு:
“காசில்லாத நாட்களில்
அவர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார்.
சுழல்கதவின் அடியில் நான் குனிந்து போவேன்.
ஒருமுறைகூடத் தலையைத் திருப்பியதில்லை.”

வீட்டில் இரவு கல்லாவை எண்ணும்போது
ஒன்றோ இரண்டோ குறையும்.
குடித்தாயா என்பாள் அம்மா.
அவர் பதில் சொன்னதில்லை.
சம்பளத்திலிருந்து எடுத்து வைப்பார்.

அந்தக் காசு இவள்தானா?
எல்லாக் காசும் இவள்தானா?
ஸ்பிரிட் ஸ்பிரிட்தான் என்று
நான் எந்த மூக்கை வைத்துச் சொன்னேன்?
அப்போது எனக்கு ஏழு வயது.
அவளுக்குப் பதினொன்று.
அவள் உயரம் அவர் வாய்க்குக் கொஞ்சம் கிட்டே.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது.
நெல்தா அபராதம் போடுவாள், போடட்டும்.
பென்சிலைச் சீவி
எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும்
ஓரத்தில் எழுதினேன்:
இடது கால்.

மாலை தோன் இலாரியோன் ஏறி வந்தார்,
கையில் பூசணித் துண்டு.
எப்படி இருக்கிறது, உண்மை உண்டா என்றார்.

ஸ்வீடன் பகுதி ரொம்ப இழுவை,
பனியைப் பற்றியே இருபது பக்கம்.
நாற்பத்தேழோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றேன்.
சில்லறையை எடுத்தார்.
நான் கடலைப் பார்க்கவில்லை,
வாங்கி எண்ணிப் போட்டேன்.