வளைவு

தார்த்தூவில் பிப்ரவரி, மைனஸ் இருபத்து நான்கு.
மூன்றாம் மாடிக் குழாய் வெடித்து
நடைவழியெங்கும் பனிக்கட்டி.
ரைகோ முழந்தாளிட்டுப்
பிளந்த செம்பைத் தடவிப் பார்த்து
கெட்ட வார்த்தை ஒன்றை
மிக மெதுவாகச் சொன்னான்.

கதவுக்கு இந்தப் பக்கம்
எனக்கு வேறு வெடிப்புகள்.

ஈஸ்ட். ரொட்டியை உப்ப வைக்குமே, அதுதான்.
சாயங்காலமே சுவரைக் கரைத்துவிட்டேன்.
ஓடு உரித்த முட்டை மாதிரி
சவ்வு ஒன்றே மிச்சம்.
அடர்ந்த சர்பிட்டாலில் மிதக்கும்வரை
உள்ளும் வெளியும் சமம்,
கவலையில்லை.
இனி நான் தண்ணீர் சேர்க்க வேண்டும்.
வெறும் தண்ணீர்.
நான் செய்யும் கொடுமை அவ்வளவுதான்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்.
இதற்கு விரல் இல்லை, வீக்கம் மட்டும்.

எல்லாப் பக்கமிருந்தும் கேட்காமல் நுழைகிறது நீர்.
பச்சையாய் ஒளிரும் சிறு கோடுகள்,
சவ்வு தனக்குள் செருகி வைத்திருந்த கொசுவங்கள்,
ஒவ்வொன்றாய் அவிழ்கின்றன.
தட்டையாகி
இருந்த இடம் தெரியாமல் போகின்றன.
மடிப்பில் குடியிருந்த புரதம் ஒன்று
வீடிழந்து வேறிடம் ஓடுகிறது.
போய்ச் சேர்ந்த இடத்தில் அது சொல்வது:
இழுக்கிறது, கொழுப்பு செய்யுங்கள்.
செய்கிறார்கள்.
ஆனால் நேரம் பிடிக்கும்.
அதுவரை
அவிழ்ந்த கொசுவம் தந்த அந்தத் துளி இடம்தான் உயிர்.

பக்கத்துக் குழியில்
மடிப்பே போடத் தெரியாதவை.
அந்த மரபணுவை நீக்கியவள் நான்தான்.
சத்தமில்லை.
வெளிச்சமாய் ஒரு வட்டம் இருக்கும்,
பிறகு சாம்பல் நிறத்தில் அதன் நிழல்.
நூற்றில் அறுபத்தொன்று என்று எழுதினேன்.

"தண்ணீரை மூடணும்,"
என்று ரைகோ உள்ளே வந்தான்.
கையைத் துடைத்துக்கொண்டு
கேட்காமலே குனிந்து பார்த்தான், வெகுநேரம்.
"இதில் வளைவு வைத்தது யார்?"

எனக்குப் புரியவில்லை.
என் நோட்டிலேயே வரைந்தான்:
நேர்க்கோடு, நடுவில் ஒரு வாசல்நிலை, மறுபடி நேர்க்கோடு.
ஊர் முழுக்க ஓடும் வெந்நீர்க் குழாய்.
"நேராய்ப் போட்டால்
சூட்டில் நீண்டு தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும்."

ஒன்பது வருடமாய் அந்த வாசல்நிலையின் கீழ் நடந்துதான்
வேலைக்கு வருகிறேன்.
பாதை மறிக்கக்கூடாது என்று
தூக்கிக் கட்டியதாக நினைத்திருந்தேன்.

"அப்போ வெளியே வெடித்தது,
வளைவு இல்லாததாலா?"
"அது உறைந்து வெடித்தது.
அதற்கு வளைவும் உதவாது,"
என்று சொல்லிவிட்டுப் போனான்.
எங்கோ திருகு திருகும் ஓசை,
பிறகு என் குழாயில் ஒரு விக்கல்.

மிச்சம் நாற்பது மில்லி.
கடைசிக் குழியில் ஊற்றினேன்.
ஓரமாய் ஒன்று,
மடிப்பில்லாத வகைதான்,
உப்பி, இறுகி,
ஐந்து நிமிடம், பதினொன்று, இருபது,
இன்னும் வட்டமாய்.

எதைக் கொண்டு தாங்குகிறது?
ரைகோ வரைந்த வாசல்நிலைக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.