பயன்பாடு: இதர

செவ்வாய்பேட்டையில்
கொலுசுப் பட்டறை இருந்த அறை.
ஆணி அடித்தால் சுவரிலிருந்து
இன்னும் வெள்ளித்தூள் உதிர்கிறது.

மின்வாரியத்துக்காரர் கேட்டார்:
என்ன வியாபாரம்?
படம் மாட்டுறோம் சார்.
விப்பீங்களா?
வித்தா, காசு வரைஞ்சவளுக்கு.
அப்ப உங்களுக்கு?
ஷம்ஷாத் வாடகை நோட்டை நீட்டினாள்.
ஒன்பது பெண்கள், தலைக்கு எழுநூறு.
குணவதிக்கு நேரே மட்டும்
'சுண்ணாம்பு அடித்தாள், கழித்தாயிற்று.'

ஓனர் யாரு?
ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.
இந்த மாசம் சாவி
எஸ்தர்கிட்ட இருக்கு சார்.

மீட்டரைப் பார்க்கத் திரும்பியவர்
தங்காயியின் படத்தில் நின்றுவிட்டார்.
மரவள்ளித் தோல் சீவும் இரண்டு கைகள்,
பால் காய்ந்து கறுத்த நகங்கள்.
மூஞ்சி எங்க?
சேகோ பேக்டரியில
அவளும் கூட வேலை பார்த்தா சார்.
கையை மட்டும் போடுன்னு
அந்த அக்காதான் சொன்னாங்களாம்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
கட்டைவிரல் சரியா வந்திருக்கு, என்றார்.
அவர் பேனா எழுதவில்லை,
கரிப்பென்சில் கொடுத்தோம்.
'பயன்பாடு: இதர'
அழுத்தி எழுதிவிட்டு,
ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா
என்று வாசலில் கேட்டார்.

பில் வந்தது
கடைக்குப் போடும் கணக்கில்தான்.
நோட்டில் தலைக்கு நாற்பது கூடியது.